சவரம் கேட்ட குரல்

ஜகதீச பாகவதரின் குரல் கட்டளைச்சேரியில் மோர் அண்டாவுக்குள் குடியேறிய வருஷத்தில், ஆற்றில் தண்ணீர் ஆடி பிறப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டது, புளி விலை இறங்கியது, பேருந்து நிலையத்துக் கழிப்பறைக்கு ஒருவழியாகக் கதவு போட்டார்கள். ஆகவே அந்த வருஷத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரலை நாலாவதாகத்தான் சொல்வார்கள். சபா மண்டபத்துக்கு நேர் எதிரே சலூன் வைத்திருந்த குஞ்சிதபாதத்துக்கு மட்டும் அந்த வருஷத்தில் வேறு எதுவுமே நடக்கவில்லை.

பாகவதர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் கட்டிய பாட்டுகளில் முப்பத்தொன்பதை மறந்துவிட்டு ஒன்றை மட்டும் உலகம் வைத்துக்கொண்டது. ஆனந்தபைரவியில் ‘ஆற்றோடு போன மனம்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணம் முடியாது, ஒரு கச்சேரி எழுந்திருக்காது. அந்த ஒரு பாட்டுக்காக மண்டபம் கட்டி, தை மாதத்தில் ஐந்து நாள் ஆராதனை நடத்தி, அந்தப் பாட்டை அம்மனே அவர் கனவில் வந்து சொன்னாள் என்று சபாக்காரர்கள் புத்தகமும் போட்டுவிட்டார்கள். குஞ்சிதபாதம் வீட்டில் கதை வேறு. பட்சத்துக்கு ஒருமுறை பாகவதருக்குச் சவரம் பண்ணப் போன அவருடைய பூட்டன், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே முனகிய மெட்டு அது. பாகவதர் அதைக் காதில் வாங்கி, ஏட்டில் எழுதி, தன் பேரைப் போட்டுக்கொண்டார்.

குஞ்சிதபாதத்தின் அப்பா உத்திராபதி நாதசுரக்காரர். ஒரு ஆராதனையில் வாசலில் நின்று மங்கள இசை வாசித்து முடித்துவிட்டு, கையிலிருந்த மைக்கில், “இது எங்க வீட்டுப் பாட்டுங்க” என்று சொன்னார். அதற்கு மேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, மைக்கை அணைத்துவிட்டார்கள். உத்திராபதி வாத்தியத்தை உறையில் போட்டார், சாகிற வரைக்கும் எடுக்கவில்லை. அப்போது குஞ்சிதபாதத்துக்கு இருபத்துநாலு வயது. அன்றிலிருந்து நாற்பத்துமூன்று வருஷமாக அவர் மண்டபத்து வாசற்படியை மிதிக்கவில்லை. சலூன் நாற்காலிகளைத் தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார். அப்படியும் கண்ணாடியில் மண்டபம் தெரிந்ததால் வாசலுக்குக் கெட்டித் திரை போட்டார். அந்தப் பாட்டை வாயில் முனகிக்கொண்டு வந்து உட்கார்ந்தவனுக்குக் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கி அனுப்பினார். யார் யார் எந்தெந்த வருஷம் தன்னை என்னென்ன சொன்னார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து, பாகவதரின் குரல் பதிந்த மெழுகு உருளை ஒன்று தங்களிடம் இருக்கிறது என்று கடிதமும், அதன் நகலாக விரல் நீளத்தில் ஒரு பென் டிரைவும் வந்தன. ஆராதனையின் மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, சபாச் செயலாளர் பஞ்சாபகேசன் தேங்காய் உடைக்க, ஜபருல்லா சவுண்ட் சர்வீஸ் ஜபருல்லா அதை மைக் செட்டில் சொருகினார். மழை பெய்வதுபோல் ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு கிழக்குரல் வந்தது.

“கட்டளைச்சேரி ஜகதீசன் பேசறேன். வயசு எழுபத்தொண்ணு. பாட மாட்டேன், இந்த மெஷின்ல பாடினா ஆயுசு குறையும்ங்கறா. பேசறேன். எல்லாரும் கேக்கறேளே, ‘ஆற்றோடு போன மனம்’, அது எனக்கு எப்படி வந்ததுன்னா, எங்க ஊர்ல…”

அவ்வளவுதான். மெழுகு தீர்ந்துவிட்டது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்க ஊர்ல அம்மன் என்றுதான் சொல்ல வந்திருக்கிறார் என்று பஞ்சாபகேசன் விளக்கிக்கொண்டிருந்தபோது குரல் இருமியது.

“ஜபருல்லா, அதை நிறுத்துய்யா.”

“ஒயரைப் புடுங்கி அஞ்சு நிமிஷம் ஆச்சு சார். இது என் செட்லேருந்து வரல.”

எல்லோரும் இருமல் வந்த பக்கம் போனார்கள். மண்டபத்து மூலையில், வந்தவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக் காலியான பித்தளை அண்டாவுக்குள்ளிருந்து, “யாரது, வெளிச்சத்தை மறைச்சுண்டு?” என்று பாகவதர் கேட்டார். மறைத்துக்கொண்டு நின்றவர்கள் விலகினார்கள். மறுநாளிலிருந்து மோருக்குப் பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கிவிட்டார்கள்.

ஊர் இதற்கு ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. காலையில் அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் இட்டு, அடியில் இரண்டு வெற்றிலை போட்டார்கள். கச்சேரி பண்ண வந்த வித்வான்கள் அண்டாவுக்குக் கேட்காத தூரத்தில் மேடை போடச் சொன்னார்கள், ஏனென்றால் தாளம் நழுவினால் குரல் ஊரறியத் திட்டியது. பிள்ளைக்குப் பேர் வைக்கக் கேட்டு வந்தார்கள், காணாமல் போன மாட்டைக் கேட்டு வந்தார்கள், வரன் கேட்டு வந்தார்கள். மாட்டைப் பற்றியும் வரனைப் பற்றியும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று குரல் சொல்லச் சொல்ல, அடக்கத்தைப் பார் என்று இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டு, ஆள் இல்லாமல் குரல் மட்டும் இருந்தால் குடும்ப அட்டையில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசி விலையைக் கேட்டு ஒருநாள் குரல் அழுதது. எல்லாவற்றையும் பற்றிப் பேசியது. அந்த வாக்கியத்தை முடிக்கச் சொன்னால் மட்டும், “அதுக்கு வரேன்” என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்காது.

பன்னிரண்டாம் நாள் குரல் சொரசொரத்தது. பதினைந்தாம் நாள் அதைக் கேட்டவர்களின் காதுமடல் சிவந்தது. பதினெட்டாம் நாள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவின் கன்னத்தில் கீறலே விழுந்துவிட்டது. இது என்ன நோய் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குரலுக்குத் தாடி வளர்ந்திருக்கிறது, சவரம் பண்ண வேண்டும், அவ்வளவுதானே. கடைத்தெரு அழகு நிலையத்திலிருந்து ஒரு பையன் மின்சார மெஷினோடு வந்து ஓட்டிப் பார்த்ததில், குரலுக்கு ஓரத்தில் வெட்டுப்பட்டு இரண்டு நாள் ‘ழ’ வராமல் போய்விட்டது. தோல்வாரில் கத்தி தீட்டத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் மிச்சம்.

பஞ்சாபகேசன் தெருவைக் கடந்து, திரையை விலக்கிக்கொண்டு சலூனுக்குள் வந்தார்.

“சலூன்காரரே, ஒரு உபகாரம்.”

குஞ்சிதபாதம் கையிலிருந்த தலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உக்காருங்க. கட்டிங்கா, ஷேவிங்கா?”

“எனக்கில்லை. எதிர்த்தாப்ல.”

“எதிர்த்தாப்ல எனக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“பெரியவர் கஷ்டப்படறார்.”

“எங்கப்பா பேசுறப்ப மைக்கை அமத்துனது யாரு?”

பஞ்சாபகேசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க பெரியப்பா. நான் அப்ப பக்கத்துலதான் நின்னேன். தப்புன்னு தெரிஞ்சுது. சொல்லல.”

நாற்பத்துமூன்று வருஷமாகக் குஞ்சிதபாதம் இந்த ஆளை எதிர்பார்த்து எத்தனையோ பதில்களைத் தீட்டி வைத்திருந்தார். எதிரே இருக்கிறவன் ஒப்புக்கொண்டால் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்து வைக்கவில்லை.

“கொல்லைப்பக்கமா வர மாட்டேன்” என்றார் கடைசியில்.

“வாசல் வழியாவே வாங்கோ.”

குஞ்சிதபாதம் போனதற்குப் பாகவதர் மேல் இருந்த பரிவு காரணமல்ல. குரல் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, அதைத் தொண்டைக்குள்ளிருந்து வெளியே எடுக்கத்தான் போனார். வாசற்படியை மிதித்து ஏறினார். அண்டாவை நெருங்கியதும் உள்ளேயிருந்து, “அம்பட்டன் வந்துட்டானா?” என்று குரல் கேட்டது.

மண்டபம் விறைத்தது. பஞ்சாபகேசன் அண்டாவுக்குள் தலையை விட்டு, “பெரியவா, அப்படியெல்லாம் இப்போ சொல்லப்படாது. கேஸாயிடும்” என்றார்.

“வேற எப்படிடா கூப்பிடறது?”

பஞ்சாபகேசன் தலையை வெளியே எடுத்துக்கொண்டார். குஞ்சிதபாதம் காது பற்றி எரிய அண்டா விளிம்பில் தண்ணீர் தடவி, நுரை பூசி, “‘ஆ’ன்னு நீளமாச் சொல்லுங்க” என்றார். குரல் ஆகாரம் பிடித்தது. அண்டா வாய்க்கு ஒரு விரற்கடை மேலே, காற்றில், காதை மட்டும் நம்பி அவர் கத்தியை இழுத்தார். கரகரவென்று பழைய இசைத்தட்டின் உரசல் சத்தம் பொடிப்பொடியாக அவர் மடித்துப் போட்ட செய்தித்தாளில் விழுந்தது. முடித்தபோது குரல் வழவழவென்று, பிடியளவு இளமையாக இருந்தது. அந்தப் பொடியைக் குப்பையில் கொட்ட விடாமல், பேச்சு வராத குழந்தைகளின் தாய்மார்கள் மடியில் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை ‘ம்’ என்றது என்று சொன்னார்கள், இரண்டு குழந்தைகள் என்றும் சொன்னார்கள்.

அதிலிருந்து பட்சத்துக்கு ஒருமுறை, செவ்வாய் வெள்ளி தள்ளி, ஏகாதசி தள்ளி, அவர் திரையை விலக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, வேண்டுமென்றே, கத்தியைத் தீட்டிக்கொண்டே அந்த மெட்டை முனகினார். மேடையில் பாடுகிற மாதிரி அல்ல. வீட்டில் வழங்குகிற மாதிரி, சுற்றல் இல்லாமல், வாரில் கத்தி போய் வருகிற நடையில், போகும்போது ஒரு இழுப்பு, வரும்போது ஒரு இழுப்பு. சவரத்தின்போது பண்ணிக்கொள்கிறவர் தாடையை அசைக்கக் கூடாது, பண்ணுகிறவர்தான் வாய் திறக்கலாம். அதுதான் அந்தத் தொழிலில் சட்டம். ராஜாவானாலும் கழுத்தில் கத்தி இருக்கும் மட்டும் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் நுரையைத் துடைத்துவிட்டார்.

“இப்படித்தான்” என்றது. “இப்படியேதான்.”

“இது எங்க பூட்டன் பாட்டு.”

“தெரியும்.”

“தெரியுமில்ல? அப்பறம் என்ன? நூத்திப் பதினேழு வருஷமா அந்த ஒரு வரியில உக்காந்திருக்கீங்களே, முடிச்சிட்டு எந்திரிக்க வேண்டியதுதானே? வாய் வலிக்குதா?”

“மெழுகு தீர்ந்துதுன்னு எல்லாரும் நெனைக்கறா. இன்னும் கொஞ்சம் இருந்துது. நான்தான் நிறுத்தினேன். ‘எங்க ஊர்ல’ன்னு சொல்லிட்டு, பேரைச் சொல்லணுமேன்னு பாக்கறேன், பேர் வரலை. பதினெட்டு வருஷம் என் கழுத்துல கத்தி வச்சவன். வா, போ, உக்காரு, எந்திரி. பேர்னு ஒண்ணு இருக்குமேன்னு தோணவே இல்லை. மெஷின் கொண்டுவந்த வெள்ளைக்காரன் கையைக் காட்டறான், பேசு பேசுங்கறான். எனக்குப் பேர் தெரியலை. மெழுகு சுத்தி நின்னுபோச்சு.” குரல் தணிந்தது. “நீ சொல்லு. சொன்னா முடிச்சுடறேன். அவன் பேர் என்ன?”

குஞ்சிதபாதம் வாயைத் திறந்தார். நாற்பத்துமூன்று வருஷமாக எதிராளி கேட்க மாட்டானா என்று காத்திருந்த கேள்வி. பூட்டன் என்று அப்பா சொல்வார், பூட்டன் என்று அத்தைகள் சொல்வார்கள், பூட்டனை ஏமாற்றிவிட்டார்கள் என்று வீடே சொல்லும். பூட்டனுக்குப் பேர்? திறந்த வாயை மூடிக்கொண்டு, நுரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

“உங்க பூட்டன் பேரு உங்களுக்கே தெரியாதா?” என்றாள் அவர் மனைவி தையல்நாயகி. “இத்தனை வருஷமா யாருக்காக எங்களையெல்லாம் ஆராதனைக்குப் போவ விடாம கட்டிப் போட்டீங்க?”

“ஏன், உன் பூட்டன் பேரு உனக்குத் தெரியுமா?”

“நான் என்ன அவருக்காகச் சண்டையா போட்டேன்?”

மறுநாள் குஞ்சிதபாதம் பேரைத் தேடக் கிளம்பினார். மாயவரத்தில் பெரியப்பா மகனைக் கேட்டார். அவருக்குத் தாத்தா நாகமுத்து வரைக்கும்தான் தெரிந்தது. குத்தாலத்தில் தொண்ணூறு வயது அத்தையைக் கேட்டார். புருஷன் பேரை வாயில் எடுத்தால் எங்கள் பாட்டி அடிப்பாள், அதனால் நாங்கள் கேட்டதே இல்லை என்றாள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டச் சொல்லி ஏழு முறை நடந்தார். ஏழாவது முறை ஒரு குமாஸ்தா தூசியைத் தட்டிக் காட்டினார். நில அளவு இருந்தது, நான்கு எல்லையும் இருந்தது, பேர் எழுத வேண்டிய கட்டத்தில் ‘நாவிதர் மானியம்’ என்று எழுதியிருந்தது. குஞ்சிதபாதம் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினார். ஆற்றங்கரையில் பூட்டனைப் புதைத்த இடத்தில் நட்ட செங்கல்லை எந்தக் காலத்திலோ ஆறு கொண்டுபோயிருந்தது.

இதற்குள் மார்கழி வந்துவிட்டது. குரல் மெலிந்தது. ஒவ்வொரு சவரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது அண்டாவுக்குள் காதை வைத்தால்தான் கேட்டது. சவரம் பண்ணாவிட்டால் கேட்பவர்களைக் கிழித்தது, பண்ணினால் தேய்ந்தது. இன்னும் ஒரு சவரம் தாங்கும், அதற்குப் பிறகு நாலு வார்த்தை தாங்கும் என்று குஞ்சிதபாதத்தின் கைக்குத் தெரிந்தது. ஆராதனைக்கு அந்தச் சவரத்தை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

“எதையாவது ஒண்ணைச் சொல்லிடுங்கண்ணே” என்றார் ஜபருல்லா, கழுத்தைச் சவரத்துக்குக் கொடுத்துக்கொண்டே. “கம்பீரமா ஒரு பேரு. யாருக்குத் தெரியப்போவுது? அவரும் முடிச்சிடுவாரு, உங்க மனசும் ஆறிடும்.”

குஞ்சிதபாதம் அதை யோசிக்காமல் இல்லை. பத்து நாளாக நல்ல நல்ல பேராக மனசுக்குள் அண்டாவில் போட்டுச் சொல்ல வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சில பேர்கள் கேட்க அவ்வளவு பொருத்தமாக இருந்தன.

“பொய்ப் பேரு வச்சா அது வேற எவனோ ஒருத்தன்தானே ஜபரு” என்றார். “அவன் போயி மேடையில உக்காந்துக்குவான். எங்க பூட்டன் மறுபடியும் வாசல்லதான் நிப்பாரு.”

ஆராதனையின் முதல் நாள் காலை மண்டபம் கொள்ளவில்லை. பஞ்சாபகேசன் அண்டாவை மேடை நடுவில் தூக்கி வைத்திருந்தார். அம்மன் கனவு எழுதிய புத்தகம் முன்வரிசையில் எல்லோர் மடியிலும் இருந்தது. வரப்போவது எதுவானாலும் கேட்டுவிடுவது என்று அவர் சபாக் கூட்டத்தில் பிடிவாதமாக நின்றதில் இரண்டு பேர் ராஜினாமா செய்திருந்தார்கள். குஞ்சிதபாதம் மேடை ஏறி, நுரை பூசி, வாழ்நாளில் தீட்டாத அளவு கத்தியைத் தீட்டி, பூ பறிப்பதுபோல் சவரம் பண்ணினார். பிறகு குனிந்து அண்டாவுக்குள் சொன்னார்.

“பேரு கெடைக்கலீங்க. எங்களுக்கும் தெரியல. நாங்களும் கேட்டு வச்சுக்கல.”

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு குரல், மெல்லியதாக, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பேசியது.

“ஆற்றோடு போன மனம் எனக்கு எப்படி வந்ததுன்னா, எங்க ஊர்ல எனக்குச் சவரம் பண்ண வந்த ஒருத்தர் பாடினது. மெட்டு அவரோடது. வார்த்தையில நாலஞ்சை நான் மாத்தினேன், மாத்தினது நன்னாவும் இல்லை. பதினெட்டு வருஷம் வந்தார். நான் அவர் பேரைக் கேக்கலை. கேட்டிருக்கணும்.”

மோர்ப் பீப்பாயின் குழாய் திறந்தபடி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பஞ்சாபகேசன் மடியிலிருந்த புத்தகத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

“முன்னாடி நிக்கறது யாரு?” என்றது குரல்.

“நான்தாங்க.”

“ஒரு வருஷமா வந்துண்டிருக்கியே. உங்க பேர் என்ன?”

குஞ்சிதபாதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாக இந்தக் குரல் தன் பேரைக் கேட்கவில்லை. தன் மேல் விழுந்த ஒரு தூசியைக்கூடக் கணக்கில் வைத்துக்கொள்கிறவர், இதை மட்டும் கவனிக்கத் தவறியிருந்தார். கீழே பார்த்தார். சலூன்காரரே, சலூன்காரரே என்று நாற்பது வருஷம் கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜமாகவே தெரியாது. அவர் கத்தியைத் துடைத்து மடித்தார். அவசரப்படவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றுகூட நினைத்தார்.

“குஞ்சிதபாதம்” என்றார்.

“ம்” என்றது குரல்.

“எங்கப்பா உத்திராபதி.”

“ம்.”

“அவருக்கு அப்பா நாகமுத்து.”

“ம்.”

“அவருக்கு அப்பா…” என்று சொல்லி நிறுத்தினார்.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. மூன்று மூச்சு விடும் நேரம் இருக்கும். பேர் இல்லாத அந்த இடத்துக்கும் குரல், மற்ற மூன்றைவிட நிதானமாக, “ம்” என்றது. பிறகு அண்டா வெறும் அண்டாவாகிவிட்டது. தட்டினால் பித்தளைச் சத்தம் வந்தது.

அந்த அருங்காட்சியகத்து நகலை இன்றைக்குப் போட்டாலும் ‘எங்க ஊர்ல’ என்பதோடு நின்றுவிடும். ஆகவே வெளியூர்க்காரர்கள் கட்டளைச்சேரி சொல்வதை நம்புவதில்லை. ஊருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. மண்டபத்தில் அந்தப் பாட்டைப் பாடுவதற்கு முன் ராகம் சொல்வார்கள், தாளம் சொல்வார்கள், பாகவதர் பேரைச் சொல்வார்கள், பிறகு “மெட்டு” என்று சொல்லிவிட்டு மூன்று மூச்சு விடும் நேரம் பேசாமல் இருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் மைக் கெட்டுவிட்டது என்று ஜபருல்லாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். குஞ்சிதபாதம் முன்வரிசையில் தையல்நாயகியோடு உட்கார்ந்து, விரலை மடித்து எண்ணிக்கொண்டிருப்பார்.

போன தை மாதத்தில் பட்டணத்திலிருந்து வந்த ஒரு பெரிய பாடகர் அவசரத்தில் இரண்டு மூச்சுதான் விட்டார். குஞ்சிதபாதம் அந்த ஆளோடு இன்னும் பேசவில்லை.